சரக்கு வாசல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

என் அறையில் இருந்த வெல்டர் அண்ணன் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். "ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர்தான்டா, ரெண்டே முக்கால் மணி நேரம். கண்ணை மூடித் திறந்தா வீடு" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருமுறைகூடப் போகவில்லை.

அவர் உடல் இருந்த பெட்டியை விமானத்தில் ஏற்றியது நான்தான். அண்ணி அங்கே ஊர் ஏர்போர்ட்டில் பயணிகள் வாசலில் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறார். பெட்டி பின்பக்கச் சரக்கு வாசலில்தான் வரும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தினமும் சரக்கு ஏற்றுகிறவன் நான்!

யாராவது வந்தால் அம்மாவின் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். ஒற்றை ஆளுக்கு ஏசி அதிகமாகக் குளிர்கிறது.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. நம்ம ஏர்போர்ட்டில் சரக்கு வாசல் எந்தப் பக்கம் என்று நீங்கள் மட்டும் ஒருமுறை பார்த்து வையுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்