நடுவில் உட்கார்ந்தவருக்கு

இன்று எங்கள் பனியன் கம்பெனியில் அயர்னிங் பகுதி வழியாகப் போகும்போது, நீராவியில் சூடான பருத்தித் துணியின் வாசனை முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். திருப்பூர் ராயபுரத்தில் உங்கள் அறைக்குக் கீழேயும் ஓர் அயர்னிங் யூனிட்தானே இருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வாசனை மாடி ஏறி வந்துவிடும். "ஊதுபத்திச் செலவு மிச்சமுங்க" என்று சிரிப்பீர்கள். ஷிப்மெண்ட் அவசரத்தை மறந்து நான் நிற்பதைப் பார்த்து சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஏனுங்க மேடம், பீஸுல ஏதாச்சும் குறையுங்களா?" ஒன்றுமில்லை என்றேன்.

உங்களிடம் வருவதற்கு முன்னால் போன் திரையில் வேறொரு மனநலக் கவுன்சிலரைப் பார்த்திருந்தேன். பெரிய நகரத்துக்காரர், நல்ல மனுஷிதான். தூக்கம் போய், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்த காலம் அது. "அப்பாவை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் தனியாக வீடு பாருங்கள்" என்றார். சொன்னபடி செய்தேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்தார். "பெத்தவன எதுத்துப் பேசுற அளவுக்கு வளந்துட்டா போல" என்று சுவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு சில வாரம் எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

இதையெல்லாம் கொட்டியபோது நீங்கள் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. "முன்னெல்லாம் உங்க ஊட்ல அப்பாவும் நீங்களும் எப்படிங்க பேசிக்குவீங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். நாங்கள் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பெரியவளானதிலிருந்து எல்லாம் அம்மா வழியாகத்தான். ஒற்றை அறை வாடகை வீடு, மூன்று பேரும் கைக்கெட்டும் தூரம். ஆனாலும் "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவிடம். "பசிக்கலன்னு சொல்லும்மா" என்பேன் நான். அம்மா எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள், நடுவில் இருந்தாலே போதும். அம்மா இறந்த பிறகு அங்கே யாருமில்லை.

"அந்த இடம் காலியாக் கெடக்குதுங்க கண்ணு. கொஞ்ச நாளைக்கு நான் உக்காந்துக்கறேன். அப்பாவத் துணைக்குன்னு கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். வைத்தியம் என்றால் அவர் வந்திருக்க மாட்டார். மகளுக்குத் துணை என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வந்தவர் உட்காரவில்லை. நீங்கள் வாயைத் திறந்ததுமே, பேச்சை வைத்தே எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குண்டடம் பக்கம் சொந்தத் தோட்டம், திருப்பூரில் சொந்தக் கம்பெனி. சிவகங்கைப் பக்கமிருந்து வந்து, அப்படிப்பட்டவர்களின் கம்பெனிகளில் தைத்தே முதுகு வளைந்தவர் அப்பா. "இருக்கட்டும்மா" என்று கதவோரம் நின்றார். "பொழைக்க வந்த எடத்துல வாயத் தொறக்கக் கூடாது" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பெரியவர்கள் திறக்காததால் வீட்டுக்காரரிடம், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் எங்கும் சின்ன வயதிலிருந்தே நான்தான் திறக்க வேண்டியிருந்தது. நான் களைத்துப்போனது அதில்தான். நீங்களும் எழுந்து நின்றீர்கள். "நீங்க நின்னா நானும் நிக்கோணுமுங்க. எனக்கு முட்டி வலிங்க." அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் நீங்கள், அந்தப் பக்கம் நான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மூன்று பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றேன் உங்களிடம்.

அப்பாவும் உங்களிடம்தான் சொன்னார். "சின்னதுலருந்தே அவ நல்லாப் பேசுவா. அவ பேசுறதப் பாத்தா எனக்குப் பெருமையா இருக்கும்மா. அது அவளுக்குப் பாரமா இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் அழுது முடிக்கும் வரை அப்பாவிடம் அவர் ஊர் மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

பல மாதம் அப்படியே போனது. பேருந்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம், உங்கள் பெஞ்சுக்கு வந்ததும் ஆரம்பிப்போம். அப்பாவுக்கு ஒரே ஒரு பயம்தான். "வெளிய தெரியக் கூடாதும்மா. மனசுக்கு வைத்தியம் பாத்தான்னு தெரிஞ்சா இவள யாரு கட்டுவா?" என்பார். "எங்கிட்டருந்து போகாதுங்க" என்பீர்கள்.

பிறகு, "கொஞ்ச நாள் லீவுங்க கண்ணு" என்று ஒரு செய்தி அனுப்பினீர்கள். உடம்புக்கு என்ன என்று கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்காமலே இருந்துவிட்டேன். அடுத்து உங்கள் போனிலிருந்து வந்தது, அக்கா தவறிட்டாங்க என்று உங்கள் தம்பி எழுதிய செய்தி.

அப்பாவும் என்னோடு வந்தார். உங்கள் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள். பந்தலில் ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க யாருங்க? பாத்த மாதிரி இல்லீங்களே?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற எனக்கு வாய் வரவில்லை. நான் உங்களுக்கு யார்? உறவில்லை, தோழி என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. உண்மையைச் சொன்னால் அப்பா பயந்தது நடந்துவிடும். அப்போது அப்பா என்னைத் தாண்டி முன்னால் வந்தார். அத்தனை பேர் நடுவில், தன் ஊர்ப் பேச்சிலேயே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "எம் மகளுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சுங்க. இவுகதான் பாத்தாக. இவுக இல்லேன்னா நானும் அவளும் இன்னிக்கு வரைக்கும் பேசியிருக்க மாட்டோம்."

பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

வெளியே வந்ததும் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், நேராக. "அசதியா இருக்கா தாயி? செத்த உக்காரு. ஆட்டோவ நான் கேட்டுட்டு வாரேன்."

இப்போது நாங்கள் நேருக்கு நேர்தான் பேசுகிறோம், தடுமாறித்தான். "இன்னைக்கு என்னால முடியலப்பா" என்று சொல்ல எனக்கு வருகிறது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு அந்த வேலைக்கு அவரே கிளம்பிவிடுகிறார். உங்களிடமிருந்து நான் கொண்டுவந்தது அவ்வளவுதான், அதுவே எனக்குப் பெரிது. ஆனால் அன்று அந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா என்னிடம் பேசிவிட்டார் என்று உடனே யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தீர்கள்.