கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சி

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? என் கால்கள் நலம். சந்தேகமே அவற்றின் மேல்தான்.

பயப்படாதே. தகுதிச் சுற்றில் நான் அளவுக்கு மீறி வேகமாக ஓடினேன் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நான் பெண்தானா என்று பார்க்க, மருத்துவர் என் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியைத் தேய்த்தார்.

"எங்கம்மாவக் கேட்டா ஓசியிலயே சொல்லுவாங்களே" என்றேன்.

"எல்லாருக்கும் நியாயமா இருக்கணும்ல, வாயைத் திற" என்றார். பாவம், அவருக்கும் அலுப்பு.

முடிவு வந்தால்தான் இறுதி ஓட்டம். அதுவரை தனியாகப் பயிற்சி. முதலும் நான், கடைசியும் நான். விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரி இப்போதெல்லாம் குளியலறைக்குப் போய்த்தான் உடை மாற்றுகிறாள்.

ஒரு சின்ன உதவி. போனில் "சாப்பிட்டியாடா" என்று கேட்காதே, அவளுக்குக் கேட்கிறது. அவள் வெளியே போனதும் நானே கூப்பிடுகிறேன். அப்போது நிறைய "டா" போட்டுப் பேசு.

பயிற்சிக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகள்