நூற்றுக்கு மூன்று பேர்

ஹேசோங் துறைமுகம்,
நவம்பர் 9, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது மணிக்கட்டில் கட்டு, அதனால் இடது கையால் எழுதுகிறேன். நான் எங்கும் விழவில்லை. ஒருவனை அடித்தேன்.

வீட்டில் அடிபடும் பெண்கள் புகார் எழுதும் இணையதளம்தான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். வசந்தத்தில் அதைப் புதிதாக அமைத்தோம். பழைய பிரௌசர்களில் அது திறக்காது. அவற்றுக்கென்று ஒரு பக்கம் எழுத இரண்டு வாரம் கேட்டேன். குழுத் தலைவர் மா தெ-சிக் சிரித்தார். "நூத்துக்கு மூணு பேரு. அவங்களுக்காக ரெண்டு வாரமா? புதுசு போட்டுக்கச் சொல்லும்மா." நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மூன்று பேரில் ஒருத்தி, நாங்கள் வேலை செய்யும் உதவி மையத்துக்கே வந்துவிட்டாள். பெயர் ஓக்-புன். சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. இடது கை விரல்கள் நான்கும் கறுத்து வீங்கியிருந்தன. கொட்டகையில் இருக்கும் பழைய கணினியில் எங்கள் தளத்தைத் திறந்திருக்கிறாள். திரை வெள்ளையாகவே நின்றதாம். "வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு பின்னால வந்து நின்னதே தெரியல," என்றாள். மேலே இருந்த முகவரியைப் படித்த கணவன், சுத்தியலை எடுத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கியிருக்கிறான்.

அவள் சொல்லி முடிக்குமுன் மையத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அதே சுத்தியலோடு அவன். தடுத்த காவலாளியின் தாடையில் ஓர் அடி. மனிதர் ரத்தமும் பல்லுமாகச் சாய்ந்தார். "எம் பொண்டாட்டிகிட்ட புகார் வாங்குறவ எவடி? வாடி வெளில!" என்று கத்திக்கொண்டே ஓக்-புன்னின் முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். ஒரு முறை, இன்னொரு முறை. சுவரில் இருந்த தீயணைப்பு உருளையை நான் எடுத்தது நினைவிருக்கிறது. தோளில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். மா தெ-சிக்தான் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "போதும்மா, செத்துடுவான்!" எனக்குப் போதவில்லை, அக்கா. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவன் சிறையில் இருக்கிறான். என்மேலும் வழக்கு வரலாம். ஓக்-புன்னுக்கு வலது கண்ணில் இனிப் பார்வை வராது. ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பக்கம் ஏன் வரல தங்கச்சி? நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?" தப்பு எங்களுடையது என்றேன். அவள் நம்பவில்லை.

ஒற்றைக் கையால் தட்டி நான்கு நாளில் புதுப் பக்கத்தை முடித்தேன். படம் இல்லை, அலங்காரம் இல்லை. எழுத ஒரு கட்டம், அனுப்ப ஒரு பொத்தான். யாராவது வந்தால் அமுக்க இன்னொன்று. உடனே புகார்ப் பக்கம் மறைந்து வானிலைச் செய்தி வந்துவிடும். எவ்வளவு பழைய கணினியிலும் திறக்கும். மா தெ-சிக் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் சலவைக்கடைக்கு அனுப்புகிறேன். ஆகஸ்டு வெயிலில் நீ கழற்றாத அந்த முழுக்கைச் சட்டையைப் பற்றி அன்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. உறைக்குள் இருக்கும் தனிச் சீட்டில் புதுப் பக்கத்தின் முகவரி இருக்கிறது; அதை மனப்பாடம் செய்துகொண்டு சீட்டையும் கடிதத்தையும் கிழித்துப் போடு. கடைக் கணினியில் ஒரே ஒரு முறை திறந்து பார், அக்கா. எழுத வரவில்லை என்றால் உன் பெயரை மட்டும் எழுது. மறுமுனையில் நான் இருக்கிறேன்.

உன் தங்கை,
நா-ரே