அக்காவின் கழுத்துக்கு நான் வாங்கிய மருந்து

என் பிரியமுள்ள ராஜாமணி அக்காவுக்கு,

இன்று காலை உன் மகள் சுமதி போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, "மாமா, அம்மா கழுத்துக்குப் போட்டுட்டு இருந்துச்சே ஒரு டியூப்பு, அது பேரு என்னங்க?" என்று கேட்டாள். உன் பேத்திக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். "பொண்ணோட அம்மாவாப் போயி நிக்கோணும். முகம் ஒரு நெறம், கழுத்து ஒரு நெறமா இருக்குது. பத்து நாளைக்கு மட்டும்தானுங்க, அப்புறம் உட்டர்றேன்" என்றாள். யோசித்துச் சொல்வதாகக் கூறி போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெயர் எனக்கு மறக்கவே இல்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீ குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆயுளெல்லாம் கொழுந்து பறித்தவள். சேலைக்கு மேல் உன் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாய். தலைக்குத் துண்டு, கைக்குச் சட்டை. ஆனால் குனிந்து பறிக்கும்போது காலர் தொண்டையை இறுக்கும் என்று மேல் பட்டன் இரண்டையும் போடமாட்டாய். தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளில் எந்தப் பெண்ணும் போடமாட்டாள்.

மலையில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. குளிர் அடிக்கும்போது வெயில் சுடாது என்று நினைத்துக்கொள்கிறோம். மார்கழி மாதத்தில் வெயில் பட்டால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்திலேயே உன் கழுத்தும் நெஞ்சின் மேல்பகுதியும் முக்கோணமாகக் கறுத்து, வறண்டு, சொரசொரத்துப் போயின. போதாததற்கு, சளி பிடிக்காமலிருக்க அதே இடத்தில் தினமும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போவாய்.

சுமதியின் கல்யாணம் வந்தபோதுதான் நீ அதைப் பற்றிப் பேசினாய். எல்லோரும் பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நான் சொன்னேன்.

"உனக்கென்னடா, காலருக்குள்ள எல்லாம் மறைஞ்சுக்கும். நான் கழுத்துல செயினைப் போட்டுட்டு நிக்கோணும். சம்பந்தியம்மா செயினையா பார்ப்பாங்க? கறுப்பு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னுதான் பார்ப்பாங்க" என்றாய்.

அடுத்த முறை வரும்போது உதகையில் ஒரு மருந்துக்கடையில் அந்த டியூபை வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டு கிடையாது. "பத்தே நாள்ல தெரியும் சார்" என்றார் கடைக்காரர். தெரிந்தது. கல்யாணப் போட்டோவில் உன் முகமும் கழுத்தும் ஒரே நிறம். "கடையில இந்தப் பேரச் சொல்லிக் கேளுங்கடி" என்று லைன் முழுக்கச் சொன்னாய். நானும் வரும்போதெல்லாம் ஒன்று வாங்கி வந்தேன். ஏறக்குறைய இரண்டு வருடம்.

பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி எழுதவும் மூன்று பேரிடம் விசாரிக்கிறவன் நான். அந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஒருமுறைகூட ஏன் பிரித்துப் படிக்கவில்லை?

பிறகு எரிச்சல் தொடங்கியது. தோல் மெலிந்து சிவந்து, அடியில் நரம்பு தெரிந்தது. கொழுந்துப் பையின் பட்டை பட்டாலே துடித்தாய். லீவு போட வைத்து, குன்னூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"இந்த மருந்தை யாரும்மா குடுத்தது?" என்று அவர் கேட்டார். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கையிலிருந்த டியூபையே பார்த்தேன்.

நீ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நானேதானுங்க கடையில கேட்டு வாங்குனேன்" என்றாய்.

"ஏம்மா, உங்க வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையா?"

"இல்லீங்க."

பஸ்ஸில் வரும்போது சிரித்தாய். "உன்னையப் படிக்காதவனா ஆக்கிப்போட்டேன். கோவிச்சுக்காத சாமி."

அது ஸ்டீராய்டு கலந்த களிம்பாம்; ஒரேயடியாக நிறுத்தாமல் அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாய். தைலத்தை விட்டாய். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு கட்டினாய். வேலை முடிந்து வந்து கழுவி, உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கித் தடவினாய். எரிச்சல் அடங்க ஒரு வருடம் ஆனது. சிவப்பு முழுதாகப் போகவில்லை.

அப்போது நான் இந்த மாதிரி மருந்துகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். உன் பெயரைப் போடாமல், 'ஒரு பெண் தொழிலாளி தானாகவே கடையில் வாங்கிப் பூசினார்' என்று ஒரு வரி. பொய் என்று தெரிந்தே எழுதினேன். சுமதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். "நல்லா எழுதியிருக்கற" என்றாய். அந்த வரி உன் காதில் விழுந்ததா, அக்கா? விழுந்தும்தான் அப்படிச் சொன்னாயா?

நீ போனது நெஞ்சுவலியில். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மாலை போடும்போது அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.

இப்போது அதே லைனில் இருந்து கொழுந்து பறிக்கும் சுமதியை மத்தியானம் நானே கூப்பிட்டு, உனக்கு அந்த மருந்தை வாங்கித் தந்தவன் நான் என்று சொன்னேன்.

"கடைக்காரன் குடுத்ததுன்னுதானுங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லுச்சு" என்றாள். பிறகு, "பக்கத்து ஊட்டு மல்லிகாக்காகிட்ட ஒண்ணு இருக்குதுங்க மாமா. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயே அது இதுதானான்னு ரெண்டு நாள் பூசிப் பார்த்தேன்."

"இனிமே தொடாத. சனிக்கிழமை வர்றேன், டாக்டர்கிட்டப் போலாம். மேல் பட்டனப் போடு."

"போட்டா மூச்சு முட்டுமுங்க."

"ஒரு சைஸ் பெரிய சட்டை வாங்கியாறேன்."

"வாங்கியாறதுக்கு முன்னால யாரையாச்சும் கேட்டுட்டு வாங்குங்க" என்றாள். கோபமா கிண்டலா என்று தெரியவில்லை. இரண்டுமே எனக்குத் தகும்.

மல்லிகாவுக்கு அந்த மருந்தைச் சொன்னவள் நீ. உன்னிடம் சொன்னவன் நான். அந்த லைனில் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ? சனிக்கிழமை டாக்டரிடம் போய்விட்டு, பெண்கள் எல்லோரும் கூடி இலை எடை போடும் நேரத்துக்கு எஸ்டேட்டுக்குப் போவேன். அந்தப் பெண்கள் முன்னால் நின்று, ராஜாமணிக்கு அதை வாங்கிக் கொடுத்தது அவள் தம்பிதான் என்று என் வாயாலேயே சொல்வேன். அவர்கள் என்ன திட்டினாலும், கடைசிப் பெண் தன் டியூபை எடுத்துக் காட்டும்வரை அங்கேயே நிற்பேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
துரைசாமி