அட்டைக்குப் பூசும் சவுக்காரம்

லீட்ஸ், இங்கிலாந்து
12.02.1986

அன்புள்ள அம்மாவுக்கு, கமலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. இரத்தோட்டையில் மழை விட்டதா? முழங்கால் வலி குறைந்ததா?

அம்மா, நான் ஜெயித்துவிட்டேன்! கிருமிகள் தொண்டையில் ஒட்டுவதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி என்று எழுதியிருந்தேனே. தொண்டைச் செல்களை மூன்று முறை கழுவியும் கிருமிகள் விடவில்லை, தேயிலை மலையில் காலைப் பிடித்த அட்டை மாதிரி. உடனே நீங்கள் மலைக்குப் போகுமுன் காலில் சவுக்காரக் கட்டியைத் தேய்ப்பது நினைவுக்கு வந்தது. "மொதல்லயே பூசிட்டா அட்டைக்குப் புடிக்க எடம் இருக்காது புள்ள" என்பீர்களே! கிருமி எந்தப் பசையால் ஒட்டுகிறதோ, அதை மட்டும் பிரித்தெடுத்துச் செல்களின் மேல் முதலில் பூசினேன். பிறகு விட்ட கிருமிகள் பிடிக்க இடமில்லாமல் ஒரே கழுவலில் போய்விட்டன!

"யார் சொல்லித் தந்தது?" என்றார் பேராசிரியர். "என் அம்மா கிருஷ்ணம்மா, தேயிலைக் கொழுந்து எடுப்பவர்" என்றேன்.

கிருமி எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். என் தொண்டையில்தான். காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்பட வேண்டாம். தொண்டைக்கு மென்றுகொள்ளக் கொஞ்சம் கராம்பு மட்டும் அனுப்புங்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. இங்கே தொண்டையைப் பார்க்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன, அம்மா. "ஆ காட்டு, பாப்போம்" என்று சொல்லத்தான் ஆளில்லை.

உங்கள் மகள்,
கமலாட்சி