உன் தம்பி வளர்த்த பவளங்கள்

இயேசு மரி சூசை

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
12-7-1988

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே உடம்பைக் கேட்டால் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு முட்டிவலி, அம்மாவுக்கு வழக்கமான பிரஷர், மாத்திரையை மறக்காமல் போடுகிறாள். உடம்பை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மெல்பர்னில் இப்போது கடும் குளிர் என்று டிவியில் காட்டினார்கள், வேலைக்குப் போகும்போது காதை நன்றாக மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் கெட்டுப்போகும். நர்ஸுக்கே வைத்தியம் சொல்கிறேன் பார், அப்பனாக இருப்பதில் இந்த ஒரு வசதி இருக்கிறது. குழந்தை இப்போது எழுந்து நிற்கிறாள் என்று சொன்னாய், அந்தப் போட்டோவை அனுப்பு, பழைய போட்டோவை அம்மா தொட்டுத் தொட்டு மூக்கு அழிந்துபோயிற்று.

போன முறை போனில் தம்பியின் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாய், பரவாயில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பொய், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி அலெக்சாண்டர் விட்டுப்போன பவளங்களில் இப்போது ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. அடக்கத்துக்கு வந்தபோது நீ பார்த்தாயே, ஹாலில் ஜன்னல் பக்கம் அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டி, அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம் ஜெபம் சொல்வதை விட்டுவிட்டு அதைத்தான் வேடிக்கை பார்த்தது. நீயும் ஊருக்குப் போய் மற்றவர்களும் போன பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது அந்தத் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும்தான். எனக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. கபீரிடம் கொடுத்துவிடலாம் என்றேன், தம்பியோடு தீவுப் பக்கம் கடலில் முக்குளிக்கப் போவானே அந்த அஹமது கபீர், கேலாங்கில் மீன் கடை வைத்திருக்கிறான், அவனுக்கு இதெல்லாம் தெரியும். அம்மா விடவில்லை. அவன் கை பட்ட உயிர்னு இந்த வீட்டுல இது ஒண்ணுதான் மிச்சம், இதையும் தூக்கிக் கொடுக்கச் சொல்றீங்களா என்றாள். நான் கபீரைக் கூப்பிட்டு வளர்க்கும் வகையைக் கற்றுக்கொண்டேன்.

கல்பவளம் வளர்ப்பது மீன் வளர்ப்பது போல இல்லை, உர்சுலா. பார்க்கக் கல், ஆனால் அந்தக் கல்லை அதுவே கட்டுகிறது, மேலே மெல்லிய தோல் மாதிரி ஒரு உடம்பு, அந்த உடம்பு போனால் கல்தான் மிச்சம். தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் ஆகாது, அதனால் தொட்டிக்குப் பகல் முழுக்க மின்விசிறி, எனக்குக் கிடையாது. கபீர் படகில் போய்த் தீவுகளுக்கு வெளியிலிருந்து சுத்தமான கடல் தண்ணீர் கேன் கேனாகக் கொண்டுவருவான், லிஃப்ட் நம் மாடியில் நிற்காது, நானும் அவனும் ஒரு மாடி சுமந்து ஏற வேண்டும். கல் வளர அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். சிராங்கூன் ரோடு வெற்றிலைக் கடையில் சாயம் கலக்காத சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேல் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அடியில் இருக்கும் பால் போனால் சுட்டுவிடும். கடைக்காரர் மாணிக்கம் என்னிடம், இவ்வளவு சுண்ணாம்பு வாங்குறீங்க, பல்லு மட்டும் எப்படி அண்ணே வெள்ளையா இருக்கு என்று கேட்டார். நான் சொல்லவில்லை, சொன்னால் நம்பமாட்டார். ஆனாலும் பலன் இருந்தது. மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளம் நுனி நுனியாக வளர்ந்தது. மூளை மாதிரி சுருள் சுருளாக இருக்கும் பெரிய பவளத்துக்கு அம்மாவே இறால் துண்டை ஊட்டுவாள், அது மெல்ல மெல்லக் கைகளை நீட்டி வாங்கிக்கொள்ளும். ஈஸ்டர் வரைக்கும் இப்படிப் போயிற்று. அந்த நாட்களில் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஈஸ்டர் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் சின்ன இறால்கள் செத்தன, பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. அப்புறம் மான்கொம்புப் பவளம் அடியிலிருந்து வெளுத்து வந்தது, பழைய பெயிண்ட் உரிவது போலத் தோல் உரிந்து தண்ணீரில் போயிற்று. ஒன்று முடிந்தால் அடுத்தது. தண்ணீரை மாற்றினேன், விளக்கைக் குறைத்தேன், சுண்ணாம்பைக்கூட நிறுத்திப் பார்த்தேன். கபீர் வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். அங்கிள், மீனெல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு லா, பவளம் மட்டும்தான் போகுது, எனக்கே புரியல என்றான். அம்மா தொட்டி முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். செத்த பவளத்தைக் குப்பையில் போடவும் விடவில்லை, கழுவிக் காயவைத்து, பீடத்தில் தம்பி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்போது பீடம் முழுக்க வெள்ளைக் கல்லாக இருக்கிறது, எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

இனி எழுதப்போவதற்குத்தான் இந்தக் கடிதம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் அல்போன்சம்மாள் அத்தையோடு தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தாள். நான் முட்டிவலி என்று சொல்லிக் கோவிலுக்குப் போவதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது, அது முட்டிவலி இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். சும்மா இருக்கிறோமே என்று அடியில் தங்கும் அழுக்கை எடுக்கப் பாறைகளைத் தூக்கினேன். பாறைகளுக்கு அடியில் மாதா பதக்கங்கள் கிடந்தன, ஒரு கைப்பிடி இருக்கும். அத்தை வேளாங்கண்ணிக்குப் போய்வந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தாளே, அந்தப் பித்தளைப் பதக்கங்கள். புது வீட்டு அஸ்திவாரத்தில், கிணற்றில் மந்திரித்த பதக்கம் போடுவது நம் சனங்களின் வழக்கம்தானே, அம்மா தொட்டியில் போட்டிருக்கிறாள். சொன்னால் கேலி செய்வேன் என்று என்னிடம் சொல்லவில்லை. நல்லபடி வளரட்டும் என்று முதலில் ஒன்றைப் போட்டிருப்பாள். பிறகு ஒவ்வொரு பவளம் வெளுக்க ஆரம்பித்தபோதும் இன்னொன்று, இன்னொன்று என்று போட்டிருக்கிறாள். பழையவை பச்சை பிடித்துக் கிடந்தன.

நான் முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் செக்ஷனில் இருந்தவன். அந்தச் சிவப்புப் பெயிண்டில் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். செம்பு. சிப்பியோ பாசியோ கப்பலில் ஒட்டி உயிர் பிழைக்கக் கூடாது என்றுதான் அதை அடிக்கிறோம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான். மீன் தாங்கும், நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது. பச்சைக் கறையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் காப்பாற்றப் போட்டது ஒவ்வொன்றும் கொன்றிருக்கிறது, கொல்லக் கொல்ல அவள் இன்னும் போட்டிருக்கிறாள். மாதா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய், உன்னிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும். பதக்கங்களை எடுத்து என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உடனே கபீருக்குப் போன் செய்தேன். அவன் கடையை மூடிவிட்டு வேன் நிறையத் தண்ணீரோடு வந்தான், தொட்டித் தண்ணீரை ஏறக்குறைய முழுதும் மாற்றினோம். விஷயத்தை அவனிடம் மட்டும் சொன்னேன். ஆன்ட்டிகிட்ட சொல்லாதீங்க அங்கிள், தாங்க மாட்டாங்க என்றான். அது எனக்கும் தெரியும்.

உனக்கும் தெரியும்தானே. அன்று மழை என்று தெரிந்தும் நவநாள் ஜெபத்துக்கு மாதாவுக்குப் பூ வாங்கி வா என்று தம்பியை லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பியது அம்மா. மண்டாய் ரோட்டில் லாரி. அன்றிலிருந்து இன்று வரை, சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும், நான்தான் என் பிள்ளையை அனுப்பிக் கொன்னேன் என்று சொல்லாத நாள் இல்லை. நானும் அத்தையும் பங்குச் சாமியாரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், காதில் ஏறவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய், அவன் ஆசையாக வளர்த்ததையும் நீதான் கொன்றாய் என்று நான் எந்த வாயால் சொல்வேன்.

தண்ணீரை மாற்றியதும் மூளைப் பவளம் மட்டும் தேறியது, சுருங்கிக் கிடந்தது மறுபடி விரிந்து இறாலை வாங்கியது. அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்படின்னா தண்ணியில என்னங்க இருந்துச்சு, எது இத்தனையையும் கொன்னுச்சு என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, என் சுண்ணாம்புதான் என்று சொல்லிவிட்டேன். தெளிய வைக்காமல் பாலோடு ஊற்றிவிட்டேன், அவசரம், கவனக்குறைவு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. நீங்க இனிமே இதைத் தொட வேண்டாங்க என்றாள். சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டாள். நான் மாதா பதக்கம் போட்டு வெச்சிருந்தேன், அதனாலதான் இந்த ஒண்ணாவது தப்பிச்சுது, அதுவும் மண்ணுக்குள்ள போயிருச்சு போல என்றாள். மறுநாள் அத்தையிடம் போய் மிச்சமிருந்ததை வாங்கிவந்து, இப்போது எனக்குத் தெரியவே போடுகிறாள், மூளைப் பவளத்தைச் சுற்றி வட்டமாக.

கண்ணாடிக்கு வெளியே தொங்கவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன், இன்னொன்றை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள். அவள் குளிக்கும் நேரம் பார்த்து ஒன்றை எடுத்தேன், வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அதையும் எடுத்துட்டீங்களா, உங்களுக்கு என்னதான் வேணும் என்று கேட்டாள், நான் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அவள் பூசைக்குக்கூடப் போவதில்லை, நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்குக் காவலாக இருக்கிறாள். என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மூளைப் பவளம் இந்த வாரம் ஒரு ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. கபீர் வந்து பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான், எழுந்து போய்விட்டான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அது பிழைக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். தம்பி வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று சில நேரம் தோன்றுகிறது, இவ்வளவு வயதாகியும் புத்தி இப்படிப் போகிறது. ஆனால் தீர்மானம் செய்துவிட்டேன் உர்சுலா. பவளம் போகட்டும், உன் அம்மா இருக்கட்டும். கல்லையும் அவளையும் சேர்த்துக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பவளம் போனதும் அம்மா உனக்குப் போன் செய்வாள். அப்பாதான் கவனமில்லாம சுண்ணாம்பை ஊத்தி எல்லாத்தையும் கொன்னுட்டாரு, தம்பி வளர்த்ததுல ஒண்ணுகூட வைக்கல என்று அழுவாள். உனக்கு என் மேல் பாசம் அதிகம், எனக்காகப் பரிந்து பேச வாய் வரும். பேசாதே. ஆமாம்மா, அப்பாதான் என்று சொல். நீயும் சொன்னால்தான் அவள் முழுதாக நம்புவாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குழந்தையின் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இதற்குப் பதில் எழுத வேண்டாம், தபால் வந்தால் அம்மாதான் முதலில் பிரிப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சூசைமாணிக்கம்