முப்பத்தாறாம் பக்கத்து ஓரம்

3 ஜூன் 1974, திங்கள்

பாண்டுரங்கனின் வாடகை நூலகத்தில் ஆத்மசக்தி அலமாரியை இன்றோடு முழுதாக வென்றேன். மந்தைவெளி வட்டாரத்தில் இனி என்னை எதிர்க்க ஆளில்லை. மூச்சைக் கவனித்தால் நாற்பது நாளில் மன அமைதி என்கிறது கடைசிப் புத்தகம். ஆசிரியர் தீபாவளி வாரத்தில் எங்கள் ஜவுளிக்கடையில் வந்து நிற்கட்டும். மூச்சு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். வழக்கப்படி பின்னட்டையில் பென்சிலால் தீர்ப்பு வழங்கினேன்: "முதல் பத்துப் பக்கம் அமைதி. மீதி தூக்கம்."

குரல் வளம் பற்றிய புத்தகம் தேவலை. ஆனால் முப்பத்தாறாம் பக்கத்தில் 'பாட்டுக் கற்க வயது தடையில்லை' என்று அளக்கிறார். ஓரத்தில் எழுதினேன்: "பச்சைப் பொய். முப்பதைத் தாண்டிய தொண்டை துருப்பிடித்த கிணற்று உருளை. இவர்கள் பாடினால் மயிலாப்பூர் குளத்து மீன்கள் நங்கநல்லூருக்குக் குடிபோகும்."

5 ஜூன்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் மீன் வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். அபாரம்.

16 ஜூன், ஞாயிறு

சவரம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. அடுத்த அறையில் பாட்டு இல்லை. அக்கா மகள் தங்கம் (தையல் டீச்சர், வயது முப்பத்து நாலு) மாசியிலிருந்து ஞாயிறு காலையில் சாதகம் செய்வாள். நான் ஒரு கன்னம் முடித்து, மறு கன்னத்தை மறந்து நிற்பேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவளுக்கு ஜலதோஷமாக இருக்கும்.

20 ஜூன்

ஜலதோஷமில்லை. சுருதிப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டாள். இனி வரமாட்டேன் என்று பாட்டு டீச்சரிடமும் சொல்லியாயிற்றாம். அக்கா பேச்சியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "ஏலே சம்முவம், அவள என்னல சொன்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆத்மசக்தி ஆசிரியர்கள்தான் குற்றவாளிகள். ஆசையை விடு, ஆசையை விடு என்று ஆளுக்கொரு அத்தியாயம்!

23 ஜூன், ஞாயிறு

நேரடியாகவே கேட்டேன். "ஏம்மா, பாட்ட ஏன் விட்டுட்ட?"

"கொளத்து மீனெல்லாம் பாவம், மாமா. இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

போய் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அவளைப் பற்றியா எழுதினேன்? இல்லை — அதைவிட மோசம். எழுதும்போது அவள் ஞாபகமே இல்லை. வாக்கியம்தான் ஞாபகம். மடையா, அவ வயசாவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

24 ஜூன்

ரப்பரோடு நூலகம் போனேன். பாண்டுரங்கன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னா சார், அழிக்கிறீங்க? நீங்க கிறுக்கினதப் படிக்கத்தான் பாதிப் பேரு இந்தப் பக்கமே வர்றான். அந்த மீனு ஷோக்கா கீது சார்! உங்க வூட்டு டீச்சரம்மாகூட நின்னுகினே படிச்சுது. நான்தான் காமிச்சேன்."

"சிரிச்சாளா?"

"இல்ல சார். புக்க வச்சுட்டுப் பூட்ச்சு."

ஓரத்தை அழித்தால் அவள் படித்தது அழியுமா? ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே எழுதினேன்: "மேலே எழுதியவன், முப்பத்து நாலு வயதுக்காரி ஒருத்தி பாடும்போது பாதி சவரத்தோடு நின்று கேட்டவன். ஒரு வாக்கியத்துக்காகப் பொய் சொன்னான்." வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தீர்ப்பின் கீழே முழுப் பெயர் போட்டேன்: சண்முகவேல். புத்தகத்தை எடுத்துவந்து அவள் தையல் மிஷின்மேல் வைத்தேன்.

27 ஜூன்

வைத்த இடத்தில் புத்தகம் இல்லை.

30 ஜூன், ஞாயிறு

சவரம் ஐந்து நிமிடம். மீன்களுக்கே வெற்றி.

6 ஜூலை

தங்கம் முக்காலியைக் கொண்டுவரச் சொன்னாள். பரணுக்குக் கீழே போட்டேன். ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

பாண்டுரங்கன் புத்தகத்தைக் கேட்டு ஆள் அனுப்பினான். தரமுடியாது என்கிறாள் தங்கம்.

"ஏலே, மணி ஒம்பதாச்சு, மூஞ்சியக் கழுவு" என்கிறாள் அக்கா. இடது கன்னத்தில் நுரை காய்ந்து உதிர்கிறது.